உங்களுக்குத் தெரியுமா? கடல்நீர் மீன்தொட்டியில் தண்ணீர் சுற்றும் வழி

● 1846-இல் ஆன்னா தின் என்ற பெண்மணி, இங்கிலாந்தின் டார்க்கி கடற்கரையிலிருந்து பவள உயிர்களைக் கொண்டுபோய் லண்டனில் தன் வீட்டில் வளர்த்தார். வீடுகளில் மின்சார மோட்டார் இல்லாத காலம். வீட்டுப் பணிப்பெண் தினமும் திறந்த ஜன்னலோரம் நின்று, காபி ஆற்றுவதுபோலக் கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஆற்றினார். அதனால்தான் அந்தப் பவளங்கள் பிழைத்தன.

● தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் வைக்கும் ‘சம்ப்’ என்ற துணைத்தொட்டி புதிய யோசனை அல்ல. 1871-இல் திறக்கப்பட்ட லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தில், பார்வைக்கு வைத்த தொட்டிகளைவிடப் பெரிய நீர்த்தேக்கம் கீழே இருட்டில் இருந்தது. தண்ணீர் இரண்டுக்கும் இடையே ஓயாமல் சுற்றியது. இந்தச் சுற்றை வடிவமைத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட்.

● சம்ப் வைத்தவர்கள் அவசியம் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும்; ஆனால் மேலே தண்ணீர் ஏற்றிய குழாயே சைஃபனாக மாறி, மேல்தொட்டித் தண்ணீரைக் கீழே இழுக்கும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் என்பது 5.4 லிட்டர். குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் இறங்கும். 20 லிட்டர் கேனில் அடங்காத அந்த உப்புத்தண்ணீருக்கு சம்பில் இடம் இல்லையென்றால் தரையில்தான் நிற்கும். குழாயின் வாயை நீர்மட்டத்தை ஒட்டி வையுங்கள். மட்டத்துக்குச் சற்றே கீழே குழாயில் சிறு துளை போட்டால், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். பாசி அடைக்கும் துளை அது. மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள்.

‘செக் வால்வு போட்டிருக்கிறேனே’ என்பவர்களுக்கு: சுண்ணாம்புப் படிவமோ ஒரு குட்டி நத்தையோ, தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் அதன் மூடியில் சிக்கினால் போதும், வால்வு மூடாது. அதை மட்டும் நம்பாதீர்கள். முதல் நாளே மோட்டாரை நிறுத்தி, சம்பில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். வழியாமல் நின்றால், மோட்டார் ஓடும்போது இருந்த மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்கு மேல் ஒருநாளும் நிரப்பக் கூடாது.

● மேலிருந்து இறங்கும் தண்ணீர் ‘களக் களக்’ என்று சத்தம் போடுவது, குழாயில் காற்றும் சேர்ந்து இறங்குவதால். ‘டர்சோ’ முறையில் குழாய் மேலே வளைந்து, உச்சியில் காற்றுத்துளையோடு இருக்கும்; அதனால் சத்தம் குறையும். ‘ஹெர்பி’ முறையில் ஒரு குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி, காற்றே இல்லாமல் இறங்கும். அளவைத் திருகிச் சரிசெய்யக் கேட் வால்வுதான் வேண்டும். பால் வால்வு கால் திருப்பில் மூடிவிடும், நுணுக்கமாக நிறுத்துவது கஷ்டம். அடைப்பு வந்தால் காப்பாற்ற, சற்று உயரத்தில் இரண்டாவது குழாய். ‘பீன்அனிமல்’ முறையில் மூன்று குழாய்கள்: ஒன்று முழு சைஃபன், ஒன்றில் மிச்சத் தண்ணீர் மெல்லிய ஓட்டமாக இறங்கும், மூன்றாவது, அடைப்பு வந்தால் காப்பாற்ற, மற்ற நேரமெல்லாம் காய்ந்தே கிடக்கும். படுக்கையறையில் தொட்டி வைப்பவருக்கு நான் சொல்வது இந்த மூன்றாவது முறையைத்தான். ஒரு குழாய்க்கான செலவைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

● மோட்டார் பெட்டியில் ‘மணிக்கு 3,000 லிட்டர்’ என்று இருந்தால், அது தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. ஏற வேண்டிய ஒவ்வோர் அடியும், வழியிலுள்ள ஒவ்வோர் எல்போவும் அதைக் குறைக்கும். ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி வளைவுகள் போட்டால் ஓட்டம் தேறும். சம்ப் வழியாக மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு சுற்றினாலே பொதுவாகப் போதும். பவளங்களுக்கு வேண்டிய வேகத்தைத் தொட்டிக்குள் வைக்கும் வேவ்மேக்கர் கொடுக்கும்.

● பித்தளை வால்வு வேண்டவே வேண்டாம். அதிலிருக்கும் செம்பு உப்புநீரில் கரைந்து இறால், நத்தை, பவளம் எல்லாவற்றையும் கொல்லும். பி.வி.சி. போதும்.

● சம்ப் இல்லாமலும் சுற்றலாம். ‘குளோஸ்டு லூப்’ முறையில் மோட்டார் தொட்டியிலிருந்தே உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பிவிடும். உயரம் ஏற்றும் வேலை இல்லாததால் ஓட்டம் பலமாக இருக்கும். ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே போட்ட டேங்க் நிப்பிள் ஒன்று கசிந்தால், அந்தத் துளை வரையிலான தண்ணீர் முழுவதும் வெளியே. துளை போடும் முன் கண்ணாடி டஃப்பன்டு வகையா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அந்த வகையில் துளை போட்டால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும்.

● மோட்டாரின் இரு பக்கமும் யூனியன் போடுங்கள். சால்வென்ட் போட்டு ஒட்டிய குழாயைக் கழற்ற முடியாது, அறுக்கத்தான் வேண்டும். யூனியன் இருந்தால் மோட்டாரைக் கையால் திருகி எடுத்துக் கழுவலாம்.

● ஒரே வெப்பநிலையில் கடல்நீர், நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும். சுற்று நின்றால் மீன்கள் சீக்கிரமே திணறும். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று அலமாரியில் சார்ஜோடு இருக்கட்டும்.