பழைய சி.பி. ரேடியோவுக்கு இன்னும் மவுசு இருக்கா?



எங்க சித்தப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறார். போன மாசம் பழைய சாமான் கடையிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார். கார் ரேடியோ அளவுதான் இருக்கும். சுருள் சுருளான ஒயரில் ஒரு மைக் தொங்கியது. "40 சேனல்" என்று முன்பக்கம் எழுதியிருந்தது.

"ஏன்டா, இதை வித்தா காசு வருமா? இல்ல, நம்ம மலைக்கே ஏதாச்சும் உதவுமா?" என்று கேட்டார்.

அவர் சும்மா கேட்கவில்லை. போன மழையில் ஒரு நாள் ராத்திரி ரோட்டில் மரம் விழுந்து, அவர் வந்த வேன் கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. யார் செல்போனிலும் சிக்னல் இல்லை. ஒருத்தர் டார்ச் வெளிச்சத்தில் நாலு வளைவு மேலே நடந்து போய்த்தான் ஆள் கூப்பிட்டார். நமக்கெல்லாம் இது தெரிந்த கதைதானே! அதனால் இந்தப் பெட்டியைப் பற்றிப் படித்தும், அறிவியல் ஐயாவிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சி.பி. என்றால் என்ன?

சிட்டிசன்ஸ் பேண்ட் என்பதன் சுருக்கம். பொதுமக்கள் பேசுவதற்கென்று ஒதுக்கிய அலைவரிசை. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டு 27 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையை இதற்காகத் திறந்துவிட்டார்கள். மைக்கில் உள்ள பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் பேசுவதை அதே சேனலில் இருக்கும் எல்லாரும் கேட்கலாம். டவர் வேண்டாம், சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம். வண்டியின் 12 வோல்ட் பேட்டரி போதும். அது வெளியே அனுப்பும் சக்தி வெறும் 4 வாட். 9 வாட் எல்.இ.டி. பல்பில் பாதிகூட இல்லை!

இந்த 27 மெகா ஹெர்ட்ஸ் நமக்கும் புதுசு இல்லை. செம்மேட்டில் வல்வில் ஓரி விழாக் கடையில் ரிமோட் கார் வாங்கியிருப்பீர்கள். அட்டையில் 27 என்று போட்ட கார்கள் உண்டு. அதே மாதிரி ரெண்டு காரைப் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு ரிமோட்டை அமுக்கினால் ரெண்டு காரும் ஓடும். ஒரே சேனலில் எல்லாரும் கேட்பது என்றால் இதுதான்.

லாரிக்காரர்கள் கொடுத்த வாழ்வு

1973-இல் உலகம் முழுக்க எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவில் டீசல் கிடைப்பது கஷ்டமானது. எண்ணெயை மிச்சம் பிடிக்க, மணிக்கு 55 மைலுக்கு (சுமார் 88 கிலோமீட்டர்) மேல் போகக் கூடாது என்று 1974-இல் சட்டமும் வந்தது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எங்கே போலீஸ் நிற்கிறது என்று லாரி டிரைவர்கள் சி.பி.யில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். சேனல் 19 லாரிக்காரர்களுக்கு, சேனல் 9 அவசர உதவிக்கு என்று ஆனது. சொந்தப் பெயரில் பேசாமல் பட்டப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு கூட சி.பி.யில் பேசினார். அவர் பட்டப்பெயர் "ஃபர்ஸ்ட் மாமா". (நம்ம மாமா இல்லை, அங்கே மாமா என்றால் அம்மா!)

1977-இல் 23 சேனல்கள் 40 ஆயின. உடனே பழைய 23 சேனல் பெட்டிகளின் விலை சரிந்தது. அப்புறம் செல்போன் வந்தது. கேட்பவர்கள் குறைந்தார்கள், பேசுபவர்களும் குறைந்தார்கள்.

லாரி ஊரான நாமக்கல்லுக்கு ஏன் வரவில்லை?

நாமக்கல் என்றாலே லாரி, கேஸ் டேங்கர், பாடி கட்டும் பட்டறை. அப்படியும் நம்ம டிரைவர்கள் கையில் சி.பி. வந்ததே இல்லை. காரணம் சட்டம். 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருக்கக் கூடாது. பாட்டுக் கேட்கும் ரேடியோவுக்கே 1980-கள் வரை போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். உங்கள் தாத்தாவைக் கேளுங்கள், சொல்லுவார்.

2005-இல்தான் 26.957 முதல் 27.283 மெகா ஹெர்ட்ஸ் வரை, 5 வாட்டுக்குள், கருவியோடு சேர்ந்த ஆன்டெனா இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு சொன்னது. அதற்குள் டிரைவர்கள் சட்டைப் பையில் செல்போன் வந்துவிட்டது. கல்யாணம் முடிந்தபின் பந்தல் போட்ட கதைதான்!

சரி, இப்போது யார் வாங்குகிறார்கள்?

வெளிநாட்டில் இன்னும் மவுசு கொஞ்சம் இருக்கிறது. மூன்று வகை ஆட்கள் வாங்குகிறார்கள்.

1. அமெரிக்க லாரி டிரைவர்கள் சிலர். முன்னால் விபத்தா, ரோடு அடைப்பா என்பதை அதே ரோட்டில் எதிரே வருபவர்தான் உடனே சொல்ல முடியும்.

2. பழைய பொருள் சேகரிப்பவர்கள். பேர் பெற்ற மாடலாக, நல்ல நிலையில் இருந்தால் ஆசையாக வாங்குவார்கள். சாதாரண 23 சேனல் பெட்டிக்கு அவ்வளவு கிராக்கி இல்லை.

3. ஹாம் ரேடியோக்காரர்கள். சில பெட்டிகளை மாற்றியமைத்து, தங்களுக்கு அனுமதி உள்ள 28 மெகா ஹெர்ட்ஸில் பயன்படுத்துவார்கள்.

ஆஸ்திரேலியாவில் பண்ணை, லாரி எல்லாவற்றிலும் சி.பி. இருக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் 477 மெகா ஹெர்ட்ஸ் கருவிகள். சித்தப்பாவின் பெட்டிக்கும் அதற்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

நம்ம மலையில் வேலை செய்யுமா?

முதலில் அலையைப் பார்ப்போம். 27 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். 900 மெகா ஹெர்ட்ஸ் செல்போன் அலை சுமார் 33 சென்டிமீட்டர்தான். நீளமான அலை மேட்டின் விளிம்பில் கொஞ்சம் கூடுதலாக வளைந்து இறங்கும். இது நமக்கு லாபம். சீக்குப்பாறை மாதிரி சமவெளி தெரிகிற இடத்தில் நின்றால் அலை நன்றாகப் போகும். ஆனால் மலை நடுவில் சுவர் மாதிரி நின்றால், பள்ளத்தில் உள்ள ஊருக்கு இந்த 4 வாட்டும் எட்டாது.

அடுத்தது சட்டம். சித்தப்பாவின் பெட்டிக்கு வெளியே ஆன்டெனா மாட்ட வேண்டும். அதனால் 2005 சலுகை அதற்குக் கிடைக்காது. மேலும் அமெரிக்காவின் 40 சேனல்களில் முதல் 27 மட்டுமே நம் நாட்டு எல்லைக்குள் வருகின்றன. மீதி 13 வெளியே! இணையத்தில் வாக்கி டாக்கி விற்பதற்கும் 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிகள் போட்டது. எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா என்பதை விற்பவர் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆகவே விலை குறைவு என்று யாரும் ஏமாறாதீர்கள்.

கடைசியாக முக்கியமான விஷயம். சட்டம் அனுமதித்தாலும், நடுராத்திரி நாம் கூப்பிடும்போது மறுபக்கம் கேட்பது யார்? அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பேர் கேட்டார்கள், அதனால் பெட்டிக்கு விலை இருந்தது. கேட்க ஆள் இல்லாவிட்டால் ஜப்பான் பெட்டியும் வெறும் டப்பாதான்.

கேட்க ஆள் இருந்தால் என்ன நடக்கும்?

2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தபோது அந்தமானில் டெலிபோன் செத்துவிட்டது. அப்போது பாரதி பிரசாத் என்ற ஹாம் ரேடியோ பெண்மணி தன் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். லைசென்ஸோடு பேசிப் பழகியவர். நாட்டின் மற்ற இடங்களில் இருந்த ஹாம்கள் ரேடியோவைத் திறந்து வைத்துக் கேட்டார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று தவித்தவர்களுக்கு அப்படித்தான் தகவல் போனது.

நாம் என்ன செய்யலாம்?

* 12 வயது ஆனவர்கள் ஹாம் தேர்வு எழுதலாம். மின்சாரம், ரேடியோ, விதிமுறை பற்றிக் கேள்விகள் வரும். நம் பள்ளியில் நாலு பேர் சேர்ந்தாலே ஒரு குழு ஆகிவிடும்.

* உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அடித்துப் பாருங்கள். வேறு கம்பெனி டவர் எட்டினால் அவசர அழைப்பு அதன் வழியாகப் போகும். (விளையாட்டுக்கு அடிக்காதீர்கள்!)

* காரவள்ளியிலிருந்து மேலே வர 70 வளைவுகள். பஸ்ஸில் போகும்போது எந்த வளைவில் சிக்னல் வருகிறது, எதில் போகிறது என்று நோட்டில் குறித்து வாருங்கள். எல்லாருடைய குறிப்பையும் சேர்த்துப் பட்டியலாக எழுதி இதே சுவரில் ஒட்டுவோம். வண்டி நின்றால் மேலே நடப்பதா கீழே நடப்பதா என்றாவது தெரியுமே!

சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்போ விக்கவும் முடியாது, பேசவும் முடியாதா?" என்று சிரித்தார். பெட்டியை அறிவியல் கண்காட்சிக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார். பேட்டரி மாட்ட மாட்டோம், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டுவோம். வந்து பாருங்கள்.

போகும்போது என்னிடம், "11-வது வளைவுல சிக்னல் இல்லைன்னு முதல்ல எழுதிக்கோ" என்றார். எழுதிவிட்டேன். பாக்கி 69 இருக்கிறது.



— பத்தாம் வகுப்பு மாணவன்