படிக உலகம் – 11: தண்ணீரில் மூழ்கும் பனிக்கட்டி

ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் இழுத்துப் பிடிக்கும் ஹைட்ரஜன் பிணைப்பைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் நான்கோடு பிணைந்திருக்கிறது. அந்த நான்கும் நான்முகி ஒன்றின் மூலைகளில் விலகி நிற்பதால் உள்ளே காலியிடம் அதிகம். கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம்தான் எடை, அதனால்தான் மிதக்கிறது. இவ்வளவு காலியிடம் உள்ள ஒரு பொருளைப் பிடித்து அமுக்கினால் என்ன ஆகும்?

பிணைப்புகள் நொறுங்கிப்போகும் என்றுதான் நாம் நினைப்போம். நடப்பது வேறு. பழைய பிணைப்பு கலைந்தால் புதியது அமைகிறது. ஆளுக்கு நான்கு என்ற கணக்கு மட்டும் மாறுவதில்லை. இடத்தை மிச்சம் பிடிக்கப் படிகம் வேறு வழிகளைத் தேடிக்கொள்கிறது.

முதல் வழி வளைவது. 1900-ல் இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில் குஸ்தாவ் தம்மான், உறைநிலைக்கு வெகு கீழே குளிர்ந்த பனிக்கட்டியை 2,000 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் அமுக்கியபோது இரண்டு புதிய பனிக்கட்டிகள் கிடைத்தன. இன்று அவற்றுக்குப் பெயர் பனி-2, பனி-3. பிணைப்புகளின் கோணம் நான்முகியின் ஒழுங்கிலிருந்து கோணிப்போனதால் மூலக்கூறுகள் நெருங்கிவிட்டன. இரண்டுமே தண்ணீரைவிடக் கனமானவை.

வளைவதற்கும் ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டியவர் ஹார்வர்டின் பெர்சி பிரிட்ஜ்மன். அழுத்தம் கூடக் கூடத் தானே இறுகும் ஓர் அடைப்பை அவர் வடிவமைத்தார். அதுவரை கருவிகள் கசிந்துபோன இடத்தில் அவருடையது தாக்குப்பிடித்தது. 1912-ல் பனி-5, பனி-6, 1937-ல் பனி-7. உயர் அழுத்த ஆய்வுகளுக்காக 1946-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. என்னைக் கேட்டால் பரிசில் பாதி அந்த அடைப்புக்குச் சேர வேண்டும்.

அறை வெப்பநிலையில் தண்ணீரை அமுக்கிக்கொண்டே போனால், ஏறக்குறைய 10,000 வளிமண்டல அழுத்தத்தில் அது பனி-6 ஆக உறைகிறது. அதைப்போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் பனி-7 ஆகிறது. ஒப்பிட ஒரு கணக்கு: கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியில்கூட அழுத்தம் சுமார் 1,100 வளிமண்டலம்தான். பனி-7-ஐ இன்னும் கொஞ்சம் அமுக்கினால் 100 டிகிரி செல்சியஸிலும் உருகாது. தொட்டால் கை பொத்துப்போகும் பனிக்கட்டி!

பனி-7-இன் உள்ளமைப்புதான் இதில் அருமையான பகுதி. இடத்தை மிச்சம் பிடிக்கும் இரண்டாவது வழி இதுதான்: அதில் இருப்பது ஒரு பிணைப்பு வலையல்ல, இரண்டு. ஒரே பந்தலில் ஏறிய அவரையும் புடலையும் போல ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று நுழைந்து கிடக்கிறது. ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு ஹைட்ரஜன் பிணைப்புகூடக் கிடையாது. ஒவ்வொரு மூலக்கூறையும் எட்டுப் பேர் சூழ்ந்திருக்கிறார்கள்; உறவு நான்கு பேரோடு மட்டுமே. பிணைப்பில்லாத அந்த நான்கு பேர் நெருக்கித் தள்ளுவதால், பிணைப்பு சற்று நீண்டும் போகிறது. சாதாரணப் பனிக்கட்டியில் இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையே 2.76 ஆங்ஸ்ட்ராம், பனி-7 உருவாகும் நிலையில் கிட்டத்தட்ட 2.9. அமுக்கியதால் அடர்த்தி கூடியது, பிணைப்போ தளர்ந்தது.

அதற்கு மேலும் அமுக்க வைரம் வேண்டும். 1950-களின் இறுதியில் வாஷிங்டனில் இருந்த அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் இரண்டு வைரங்களின் முனைகளுக்கு நடுவே பொருளை வைத்து நசுக்கும் கையடக்கக் கருவி பிறந்தது. கடத்தல்காரர்களிடமிருந்து அரசு பறிமுதல் செய்த வைரங்கள் அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தன. வைரம் ஒளியை ஊடுருவ விடும் என்பதால், தண்ணீர் உறைவதை ஆல்வின் வான் வால்கன்பர்க் நுண்ணோக்கி வழியே நேராகவே பார்த்தார்.

இந்தக் கருவியில் சில லட்சம் வளிமண்டல அழுத்தத்துக்குப் போகும்போது இரண்டு வலைகளும் சேர்ந்து சுருங்குகின்றன. ஆக்சிஜன்களின் இடைவெளி 2.3 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு வந்துவிட்டால் ஹைட்ரஜன் எந்த ஆக்சிஜனுக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது. அது நட்டநடுவில் போய் நின்றுவிடுகிறது. இதுதான் பனி-10. இதில் நீர் மூலக்கூறு என்று தனியாகச் சுட்டிக்காட்ட ஒன்றுமே இல்லை. ஜெர்மனியின் ஹோல்ஸாப்ஃபெல் 1972-லேயே இதைக் கணித்திருந்தார். வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தினரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 1996-ல் அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு அதற்குச் சான்று காட்டினார்கள். அழுத்தம் சுமார் ஆறு லட்சம் வளிமண்டலம்.

இதெல்லாம் ஆய்வகச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பூமியின் ஆழத்திலிருந்து வந்த சில இயற்கை வைரங்களுக்குள் பனி-7 சிக்கியிருப்பதை ஆலிவர் சௌனர் குழு 2018-ல் அறிவித்தது. ஆழத்தில் வைரத்துக்குள் மாட்டிக்கொண்ட நீர், மேலே வரும் வழியில் குளிர்ந்து உறைந்திருக்கிறது. வைரம் விரிந்துகொடுக்காததால் உள்ளே அழுத்தம் அப்படியே தங்கிவிட்டது. பனி-7 இப்போது அதிகாரபூர்வமாக ஒரு கனிமம்.

ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டப்பட்ட படிகம் பனிக்கட்டி மட்டுமல்ல. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமாலும் அந்த வகைதான். அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட படிக வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்று மாத்திரையாக அமுக்க எளிதில் இசையாது. சந்தையில் அதிகம் புழங்குவதோ அந்த இசையாத வடிவம்தான். ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.