வடிகட்டி அறியாத எண்கள்

2021 ஜனவரியில் ஆல்பைன் லினக்ஸின் 3.13 பதிப்பு வந்தது. ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் டாக்கர் ஓட்டிக்கொண்டிருந்த பலர் வழக்கம்போல் புதிய பதிப்புக்கு மாறினார்கள். மாறியதும், டாக்கர் நிரல்களை அடைத்து ஓட்டும் கன்டெய்னருக்குள் கடிகாரம் புத்தி கெட்டுப்போனது. தேதி கேட்டால் ஏதோ ஒரு பழைய ஆண்டைச் சொன்னது. தேதி தவறினால் இணையச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும். பாதுகாப்பான இணைப்புகள் முறிந்தன. அதே கணினியில், கன்டெய்னருக்கு வெளியே, மணி சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரத்தில் கோளாறு இல்லை. நடுவில் நின்ற ஒரு வடிகட்டியிடம் பழைய பட்டியல் இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு நிரல் கோப்பைத் திறக்கவோ நேரம் அறியவோ வேண்டுமானால் இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பெயர் சிஸ்டம் கால். ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் ஓர் எண் உண்டு: 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் படிப்பதற்கு 0, எழுதுவதற்கு 1. லினக்ஸில் இப்படி முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. ஒரு சாதாரண நிரலுக்கு அவற்றில் பாதிகூடத் தேவைப்படாது. தேவைப்படாத வழிகளை அடைத்துவிட்டால், நிரலுக்குள் திருடன் புகுந்தாலும் அவனால் அதிகம் செய்ய முடியாது. அடைக்கும் வேலையைச் செய்வது செக்காம்ப் என்ற கெர்னல் வடிகட்டி. 2005-இல் அது வந்தபோது படிப்பது, எழுதுவது, முடிப்பது, சிக்னலிலிருந்து திரும்புவது என நான்கை மட்டும் அனுமதித்தது. எதை விடுவது, எதைத் தடுப்பது என்று நாமே பட்டியல் போடும் வசதி 2012-இல், கெர்னல் 3.5-இல் வந்தது. இன்று டாக்கர், குரோம், ஆண்ட்ராய்டு எல்லாமே அதை நம்பியிருக்கின்றன.

பட்டியலைப் பெயர்களால் எழுதுகிறோம். கெர்னலுக்கோ எண் மட்டுமே தெரியும். போதாக்குறைக்கு அந்த எண்ணும் கணினிக்குக் கணினி மாறும். படிப்பதற்கான எண் 64 பிட் இன்டெலில் 0 என்றால் 32 பிட் இன்டெலில் 3. இந்தப் பெயர்களை எண்களாக்கித் தருவதற்கென்றே லிப்செக்காம்ப் என்ற நூலகம் இருக்கிறது. அது ஓர் அகராதி என்றால் தவறில்லை. அகராதி அச்சான பிறகு பிறந்த சொல் அதில் இருக்காது.

ராஸ்பெரி பையில் நடந்தது அதுதான். 32 பிட் கணினிகள் நேரத்தை எண்ணும் பழைய முறை 2038 ஜனவரியில் நிரம்பி வழிந்துவிடும். அதைத் தவிர்க்க, 2019-இல் வந்த கெர்னல் 5.1 நேரத்துக்கென 64 பிட் சிஸ்டம் கால்களைச் சேர்த்தது. ஆல்பைன் 3.13-இல் இருந்த மஸில் என்ற சி நூலகம் நேரம் கேட்கும்போது முதலில் அந்தப் புதிய வழியில் கேட்கும். டாக்கர் தன் பட்டியலில் புதிய பெயர்களை 19.03.9 பதிப்பிலேயே சேர்த்துவிட்டது. ஆனால் ராஸ்பியன் பஸ்டரில் இருந்த லிப்செக்காம்ப் 2.3.3-க்கு அந்தப் பெயர்கள் தெரியாது. தெரியாத பெயர்கள் ஓர் எச்சரிக்கைகூட இல்லாமல் விடப்பட்டன. பட்டியலில் ஏறாததால் அந்தப் புதிய வழி தடுக்கப்பட்டது. லிப்செக்காம்பை 2.4.2-க்கோ அதற்கு மேலோ உயர்த்தியவர்களுக்கு மணி சரியானது.

தடுத்ததைக்கூட மன்னிக்கலாம், தடுத்த விதம்தான் வினை. அரசு அலுவலகக் கவுன்டரில் ஒரு புதிய படிவத்தை நீட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “இந்தப் படிவம் இன்னும் எங்களுக்கு வரவில்லை” என்று குமாஸ்தா சொன்னால் பழைய படிவத்தை நிரப்பிக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்வீர்கள். “உங்களுக்கு அனுமதி இல்லை” என்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கெர்னலிலும் இந்த இரண்டு பதில்கள் உண்டு. முதலாவதுக்கு ஈநோசிஸ் என்று பெயர், இரண்டாவதுக்கு ஈபெர்ம். சி நூலகங்கள் ஈநோசிஸ் வந்தால் பழைய வழிக்கு இறங்கும். ஈபெர்ம் வந்தால் இறங்காது. டாக்கரின் வடிகட்டி தெரியாததற்கெல்லாம் ஈபெர்ம் சொன்னது. மஸில் பழைய வழிக்குப் போகவில்லை. நேரம் எழுதப்பட வேண்டிய இடத்தில் கிடந்த குப்பையே தேதியாக வெளிவந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு முறை. ஜிலிப்சி என்ற இன்னொரு சி நூலகத்தின் 2.34 பதிப்பு, இழைகளை உருவாக்க குளோன்3 என்ற சிஸ்டம் காலுக்கு மாறியது. பழைய டாக்கரில் புதிய ஃபெடோரா, உபுண்டு கன்டெய்னர்களை ஓட்டியவர்களுக்கு நிரல்கள் கிளம்பவே இல்லை. இங்கே சிக்கல் கொஞ்சம் ஆழமானது. பழைய குளோன் அழைப்பில் என்ன கேட்கிறார்கள் என்பது எண்ணாகவே நேரடியாக வரும். வடிகட்டி பார்த்து ஆபத்தானதை மட்டும் தடுக்கலாம். குளோன்3-இலோ விவரங்கள் நினைவகத்தில் ஓரிடத்தில் இருக்கும், முகவரி மட்டுமே கைக்கு வரும். மூடிய உறையைப் பிரித்துப் பார்க்க செக்காம்புக்கு வழியில்லை. ஆகவே டாக்கர் 20.10.10, குளோன்3-க்கு ஈநோசிஸ் சொல்லி அனுப்பத் தொடங்கியது. கெர்னலில் இருப்பதை இல்லை என்பது பொய்தான். ஆனால் ஈபெர்ம் என்ற முரட்டு உண்மையைவிட அந்தப் பொய் நல்லது என்பது என் கட்சி. கன்டெய்னர்களை உண்மையில் கிளப்பிவிடும் ரன்சி என்ற கருவி 2021 தொடக்கத்திலேயே இதைப் பொது விதியாக்கியிருந்தது: பட்டியலில் உள்ள மிகப் பெரிய எண்ணையும் தாண்டிய எண் வந்தால் பதில் ஈநோசிஸ்.

கெர்னலின் புதிய பதிப்பு ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது. லிப்செக்காம்பைப் பராமரிப்பவர்கள் கெர்னலின் எண் அட்டவணைகளை ஒப்பிட்டு, ஆர்ம், மிப்ஸ், ரிஸ்க்-வி என ஒவ்வொரு கணினி வகைக்கும் தங்கள் அட்டவணையை நிரப்ப வேண்டும். கெர்னல் 5.1 முதல் புதிய சிஸ்டம் கால்களுக்கு ஏறத்தாழ எல்லா வகைகளிலும் ஒரே எண் என்றானது, அது ஒரு நிம்மதி. அவர்கள் வெளியிட்டாலும் நம் கைக்கு வர நாளாகும். டெபியன் போன்ற நிலையான வெளியீடுகள் நூலகப் பதிப்பை ஆண்டுக்கணக்கில் மாற்றுவதில்லை. கன்டெய்னருக்குள் இருப்பது நேற்று வந்த ஜிலிப்சி, வெளியே நிற்பது மூன்று வருடப் பழைய வடிகட்டி.

பட்டியலைப் புதுப்பிப்பது என்றால் வந்ததையெல்லாம் உள்ளே விடுவது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஓ யூரிங் என்ற வேகமான வசதியை டாக்கர் முதலில் அனுமதித்தது. அதன் வழியே போகும் வேலைகள் செக்காம்பின் கண்ணில் படுவதில்லை, அதில் பாதுகாப்பு ஓட்டைகளும் நிறையக் கிடைத்தன. டாக்கர் 25.0-இல் அது மறுபடி தடுக்கப்பட்டது.

புதிய கன்டெய்னர் படத்தில் விளங்காத ‘அனுமதி இல்லை’ பிழை வந்தால், செக்காம்பை அடியோடு அணைக்கும் அன்கன்ஃபைன்டு தெரிவை இணையத்தில் யாராவது சொல்வார்கள். சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போடுங்கள். பிழை மறைந்தால் குற்றவாளி வடிகட்டிதான் என்று தெரிந்துவிடும். உடனே அதை எடுத்துவிட்டு, கன்டெய்னருக்குள் அல்ல, அதைத் தாங்கும் கணினியில் டாக்கர், ரன்சி, லிப்செக்காம்ப் மூன்றையும் புதுப்பியுங்கள். ரன்சியிடம் அதன் பதிப்பைக் கேட்டால், லிப்செக்காம்பின் பதிப்பையும் சேர்த்தே சொல்லும்.