திரைக்குப் பின்னால் ஒரு பெரட்டு

கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனேன். கோப்பி கலக்கினேன், ஆற்றினேன், பாதி குடித்தும் விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் திரையில் மலையும் ஏரியுமாகப் படம் பளபளக்கிறது. ஆனால் எதைத் தட்டினாலும் பதில் இல்லை. நீல வளையம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

“வயசாயிடுச்சு, புதுசு வாங்கிடலாம்” என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக் காரின் முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் மாட்டி, லூனாஸ் கடைவரிசையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பியிடம் கொண்டு போனேன். எனக்கு ஒரே நிபந்தனைதான்: உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட வேண்டும்!

“இப்படி உள்ளாற வந்து உக்காருங்கக்கா. எதையும் தொட்டுடாதீங்க லா” என்று முகப்பு மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டார்.

ஆகா, அந்தப் பின்பக்கம்! மைலோ டின் நிறைய திருகாணிகள். பெயிண்ட் அடிக்கும் பிரஷ் ஒன்று, தூசி தட்ட. கழற்றிய பவர் சப்ளை ஒன்றுக்குள் இரண்டு பல்லி முட்டைகள். “சூடான இடம், குடித்தனம் வந்துடும்” என்றார் தம்பி, அதிசயமே இல்லாத குரலில்.

முதலில் சாட்சி விசாரணை. விண்டோஸ் தான் எழுந்த கதையைத் தானே எழுதி வைக்குமாம்! ஈவன்ட் வியூவர் என்ற நாட்குறிப்பில் செயல்திறன் பக்கம் ஒன்று இருக்கிறது. அதில் 100ஆம் எண் பதிவைத் திறந்தார். ஒரு விநாடியை ஆயிரமாக நறுக்கிக் கணக்கு வைத்திருக்கிறது. திரை முகம் காட்ட 48 விநாடி. அதற்குப் பிறகு உள்ளே பரபரப்பு அடங்க 4 நிமிடம் 10 விநாடி! முகம் கழுவிப் பவுடர் பூசி வாசலில் நின்று சிரிக்கிறது. வீட்டுக்குள் இன்னும் பாய்கூடச் சுருட்டவில்லை.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் விரிந்தது. நான் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன். மூளையான சிபியு 9 விழுக்காடுதான் வேலை செய்கிறது. டிஸ்க் பத்தியோ ரத்தச் சிவப்பில் 100!

“பாருங்க, மூளை சும்மா உக்காந்திருக்கு. டிஸ்க்கு முன்னால பெரட்டு நடக்குது.”

பெரட்டு! அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் ஆளாய்க் கூடுவார்கள், கிராணி பேர் கூப்பிடுவார். அந்தக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் ஸ்டோர் ஜன்னல் ஒன்றின் முன்னால் சாமான் கேட்டு நின்றால் எப்படி இருக்கும்? அதுதான் என் பெட்டிக்குள் தினமும் நடந்திருக்கிறது.

யார் யார் நிற்கிறார்கள் என்று பட்டியலையும் காட்டினார். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது டாஸ்க் மேனேஜரில் சேர்ந்த ஸ்டார்ட்அப் பக்கம் அது. ஒரு விநாடிக்கு மேல் மூளையைப் பிடித்துக்கொள்கிற, அல்லது 3 மெகாபைட்டுக்கு மேல் டிஸ்க்கைக் குடைகிற ஒவ்வொரு நிரலுக்கும் எதிரே ‘ஹை’ என்று முத்திரை குத்திவிடுகிறது. என் பட்டியலில் பிரிண்டர் உதவியாளர் ஒருவர். அந்தப் பிரிண்டரைக் கொடுத்தே மூன்று வருடமாகிறது! பேரன் ஏற்றிய விளையாட்டுகள் இரண்டு. கூட்டம் பேசும் செயலிகள் மூன்று. கிருமித்தடுப்பு நிரலே இரண்டு. ஒருவர் திறக்கும் கோப்பை இன்னொருவரும் பிடித்துச் சோதிக்கிறார். கேட்டில் இரண்டு ஜாகாக்காரர்கள் நின்றுகொண்டு ஒரே லாரியை மாற்றி மாற்றி நிறுத்துவது போல!

சரி, அந்த ஸ்டோர் ஜன்னலின் பின்னால் யார்? தம்பி மேசை டிராயரிலிருந்து செத்துப்போன ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்தார். வேடிக்கை காட்டவே திறந்து வைத்திருக்கிறார். உயிருள்ளதைத் திறந்தால் ஒரு தூசி போதும், கதை முடிந்துவிடும். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு. அதன் மேல் கிராமபோன் முள் போல ஒரு கை. தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றும், அதாவது நொடிக்கு 120. கையின் நுனி தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர்!

இவ்வளவு வித்தை தெரிந்தும், இருப்பது ஒரே கைதானே. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்க அது பாய்ந்து பாய்ந்து போக வேண்டும். நொடிக்கு எழுபது எண்பது பாய்ச்சல்தான் முடியும். எல்லாருமாகச் சேர்ந்து 20,000 துண்டு கேட்டால்? தம்பி கால்குலேட்டரைத் தட்டினார்: நாலரை நிமிடம். என் கோப்பி நேரம் அப்படியே வந்துவிட்டது!

“இந்தத் தட்டெல்லாம் எங்க செய்றாங்க தெரியுமாக்கா? பக்கத்துலதான்” என்று ஜன்னல் பக்கம் கை காட்டினார். எனக்குப் புல்லரித்தது. 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா நமக்கு அடுத்த வீடு மாதிரி. அங்கே ஃபியூஜி எலக்ட்ரிக் ஹார்ட் டிஸ்க்குக்கான காந்தத் தட்டுகளைச் செய்து வந்திருக்கிறது. பெரட்டுக்குப் போன பாட்டிமாரின் பேத்திகள் பேக்டரி பஸ் ஏறிப் போகும் ஊர் இது. நான் திட்டித் தீர்த்த தட்டு ஒருவேளை நம் ஊர்ப் பிள்ளை!

பிறகு வைத்தியம். முதல் வேலை, படங்களையும் கணக்குகளையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்தார். “மெதுவா இருக்கிற டிஸ்க்கு சாகக் கிடக்கிற டிஸ்க்காவும் இருக்கலாம். கிளிக் கிளிக்னு சத்தம் கேட்டா ஒடனே நிறுத்திடணும்.” டிஸ்க் தன் உடம்பைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் குறிப்பையும் படித்தார், நோய் இல்லை. கிருமித்தடுப்பில் ஒன்றை நீக்கினார். ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒலி, காவல் போன்றவற்றை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு விடுப்பு கொடுத்தார். அழிக்கவில்லை, காலைப் பெரட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னதோடு சரி. கூப்பிட்டால் வருவார்கள். இதற்குக் காசே இல்லை! நாலு நிமிடம் இரண்டாகிவிட்டது.

இன்னொரு ரகசியமும் அவிழ்ந்தது. நான் தினமும் ‘ஷட் டவுன்’ கொடுக்கிறேனே, அது முழுத் தூக்கமில்லையாம். விரைவுத் தொடக்கம் என்ற ஏற்பாடு பாதி நினைவை டிஸ்க்கில் மடித்து வைத்துக்கொண்டு படுக்கிறது. பழைய சிக்கலும் அந்த மடிப்பிலேயே மறுநாள் எழுந்து வரலாம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் உண்மையில் புதிதாக விடியும்.

கடைசியாக, பழைய டிஸ்க்கின் இடத்துக்கு எஸ்எஸ்டி. கை இல்லை, சுழலும் தட்டு இல்லை. ஒரே ஜன்னல் இருந்த இடத்தில் ஆயிரம் ஜன்னல்! பழைய டிஸ்க்கை அப்படியே அதில் நகல் எடுத்து மாட்டினார். பட்டனை அமுக்கியது நான்தான், பிடிவாதமாகக் கேட்டு வாங்கி! விநாடிகளை எண்ணினேன்; இருபதைத் தாண்டவில்லை. பழைய டிஸ்க் ஓய்வு பெறவில்லை, அதே பெட்டிக்குள் படங்களுக்கு ஸ்டோராகிவிட்டது.

கிளம்பும்போது அந்தச் செத்த டிஸ்க்கின் தட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அதில் என் முகம் தெரிந்தது. பொட்டு நெற்றியோரம் நகர்ந்திருந்தது. கடையிலேயே சரிசெய்துகொண்டேன்.

இப்போது ஒரே ஒரு கஷ்டம். பட்டனை அமுக்கிவிட்டுக் கோப்பி கலக்க முடியவில்லை. தண்ணீர் கொதிக்கு முன்பே அது தயாராகி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.