ஒப்பீட்டுக் கட்டுரைக்கு முன்னுரையும் முடிவுரையும் எழுதுவது எப்படி?

ஒப்பிலக்கியக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பலர் நடுப்பகுதியை நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். இரண்டு படைப்புகளையும் படித்திருப்பார்கள். மேற்கோள்கள் கைவசம் இருக்கும். ஒற்றுமை வேற்றுமைகளும் தெரியும். சறுக்குவது முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும்தான். முன்னுரையில் ஆசிரியர் வரலாறு நீள்கிறது. முடிவுரையில், சொன்னதெல்லாம் இன்னொரு முறை வருகிறது.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். கம்பராமாயணத்தின் அகலிகைப் படலத்தையும் புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறுகதையையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம்.

முன்னுரை மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கிறோம்? எந்த இடத்தில் அவை பிரிகின்றன? அந்தப் பிரிவு எதைக் காட்டுகிறது?

பலர் எழுதும் முன்னுரை இப்படி இருக்கும்: “இலக்கியம் காலத்தின் கண்ணாடி. கம்பர் கவிச்சக்கரவர்த்தி. புதுமைப்பித்தன் சிறுகதை மன்னன். இவ்விருவரும் அகலிகையைப் பாடியும் எழுதியும் உள்ளனர். அவற்றின் ஒற்றுமை வேற்றுமைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.” இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அகலிகையை எடுத்துவிட்டுச் சீதையை வைத்தாலும் பத்தி அப்படியே நிற்கும். எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் முன்னுரை இந்தக் கட்டுரைக்கு உதவாது.

இதையே இப்படி எழுதலாம்: “கம்பனிலும் புதுமைப்பித்தனிலும் சாபத்தால் கல்லான அகலிகை, இராமனின் பாதத்தூளி பட்டுப் பெண்ணாகிறாள். கம்பனின் படலம் அவள் கணவனோடு சேர்வதில் நிறைவடைகிறது. புதுமைப்பித்தனின் கதையோ அவள் உயிர்பெறும் இடத்தில்தான் தொடங்குகிறது. மன்னிக்கப்பட்டவள் அதன்பின் எப்படி வாழ்ந்தாள் என்று காவியம் கேட்கவில்லை. சிறுகதை அதையே கேட்கிறது. மீட்பை மீட்டவனின் பக்கம் நின்று பார்ப்பதற்கும் மீண்டவளின் பக்கம் நின்று பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை இக்கட்டுரை அளக்கிறது.”

முதல் வாக்கியம் பொதுத்தளத்தைச் சொல்லிவிட்டது. அடுத்த நான்கும் பிரியும் இடத்தைக் காட்டின. கடைசி வாக்கியம் கட்டுரையாளரின் வாதம். ‘கவிச்சக்கரவர்த்தி’ போன்ற அடைமொழிகளுக்கு அங்கே வேலையே இல்லை.

பொதுத்தளத்தைத் தேர்வதில் கவனம் தேவை. வால்மீகியின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல், காற்றே உணவாகச் சாம்பலில் கிடக்கிறாள். எனவே வால்மீகியையும் புதுமைப்பித்தனையும் ஒப்பிடுகிறவர், ‘இருவரிலும் அகலிகை கல்லாகிறாள்’ என்று தொடங்க முடியாது. சாபம், தனிமை, காத்திருப்பு என்று வேறு தளத்தைத்தான் தேட வேண்டும். முன்னுரையின் முதல் வாக்கியம் இரண்டு நூல்களுக்கும் உண்மையாக இருக்கிறதா என்று மூலத்தைத் திறந்து சரிபாருங்கள்.

இரண்டு படைப்புக்கும் முன்னுரையிலேயே சம இடம் கொடுங்கள். ஒன்றுக்கு நான்கு வரி, மற்றதற்குப் பெயர் மட்டும் என்றால், ஒப்பீடு தொடங்கும் முன்பே சாய்ந்துவிடும். முன்னுரையில் எந்த நூல் முதலில் வருகிறதோ அதே வரிசையை உள்ளேயும் காப்பாற்றினால் வாசகருக்குக் குழப்பம் இராது.

இனி முடிவுரை. “இதுகாறும் கண்டவற்றால்”, “தொகுத்து நோக்கின்” என்று தொடங்கிவிட்டால், கை தானாகவே பழைய குறிப்புகளைத் திரும்ப எழுதப் போய்விடும். முடிவுரைக்கு ஒரு சோதனை உண்டு. நீங்கள் எழுதிய வாக்கியத்தை, இரண்டு நூல்களில் ஒன்றை மட்டும் படித்தவர் எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் அதற்கு முடிவுரையில் இடமில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் மட்டுமே கண்ணில் பட்டதை அங்கே சொல்லுங்கள்.

நம் உதாரணத்துக்கு முடிவுரை இப்படி அமையலாம்: “கம்பனில் கல் பெண்ணாகிறது, புதுமைப்பித்தனில் அந்தப் பெண் மறுபடியும் கல்லாகிறாள். முதல் மாற்றம் இராமனின் அருளால் நிகழ்கிறது. இரண்டாம் மாற்றத்துக்கு, அவன் சொல்லித் தீக்குளித்ததைச் சீதையின் வாயால் கேட்ட அதிர்ச்சி வழிவிடுகிறது. இதைப் படித்தபின் அகலிகைப் படலத்துக்குத் திரும்பினால், உயிர்பெற்று எழுந்த அகலிகை அங்கே இராமனை வணங்கிப் போகிறாளே தவிர, ஒரு சொல்லும் பேசவில்லை என்பது புலப்படும். சிறுகதை அந்த மௌனத்தைப் பேச வைக்கிறது.”

கம்பனை மட்டும் படித்தவருக்கு அகலிகை பேசாதது பெரிதாகப் படாது. ‘சாபவிமோசன’த்தை மட்டும் படித்தவருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டையும் சேர்த்துப் படித்ததன் பலன் அந்த வாக்கியத்தில் இருக்கிறது.

முடிவுரையில் தவிர்க்க வேண்டியவை இரண்டு. புதிய நூலையோ புதிய மேற்கோளையோ அங்கே கொண்டுவராதீர்கள். அதை விளக்க இடமிருக்காது. “ஆகவே கம்பரே சிறந்தவர்” என்று தீர்ப்பும் எழுதாதீர்கள். யார் பெரியவர் என்று பார்ப்பது ஒப்பீட்டின் நோக்கம் அல்ல.

எழுதும் வரிசையையும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். முதலில் வாதத்தை ஒரே வாக்கியமாக ஒரு தாளில் குறித்துக்கொண்டு நடுப்பகுதியை எழுதுங்கள். எழுத எழுத வாதம் கூர்மைப்படும், சில சமயம் திசையும் மாறும். அதனால் முன்னுரையைக் கடைசியில் எழுதுவதே நல்லது. ஆயிரம் சொல் கட்டுரை என்றால் முன்னுரைக்கு நூறு சொல், முடிவுரைக்கு நூறு சொல் போதும்.

கட்டுரையைக் கொடுக்கும் முன், நடுப்பகுதியை விட்டுவிட்டு இந்த இரண்டு பத்திகளை மட்டும் அடுத்தடுத்துப் படியுங்கள். முன்னுரை எழுப்பிய கேள்விக்கு முடிவுரை விடை சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், திருத்த வேண்டியது பெரும்பாலும் முன்னுரையைத்தான்.