செயற்கை நுண்ணறிவும் ஆய்வு மாணாக்கரும்

புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறுவோர் சிறிது பொழுதில் நயினாதீவை அடைவர். ஆங்கு நாகபூசணி அம்மன் ஆலயத்தில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153–1186) தமிழ்ச் சாசனம் உளது. ஊர்காவற்றுறைக்கு வரும் கலங்கள் சேதமுறின், யானை குதிரை கொணர்ந்தவற்றின் பொருளில் நாலிலொன்றும், ஏனைய வணிகக் கலங்களின் பொருளிற் பாதியும் பண்டாரத்தைச் சேரும் என்பது அதன் ஆணைகளுள் ஒன்று.

பட்டப்பின்படிப்பு மாணாக்கர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுக் கருவியை வினவின், இச்சாசனத்துக்கு நொடியில் விளக்கம் கிடைக்கும். எனினும் அக்கருவி கல்லைக் கண்டதன்று; பயின்ற நூற்றிரள்களைக் கொண்டு, அடுத்து வரத்தகும் சொல்லைக் கணித்து வாக்கியம் தொடுப்பதே அதன் தொழில். நாலிலொன்றும் பாதியும் இடம்மாறினும் அவ்வாக்கியம் இனிதே ஓடும். இல்லாத நூலுக்கும் அது பெயர் தரும். 2023இல் நியூயோர்க்கில் வழக்கறிஞர் இருவர், சாட்ஜிபிடி புனைந்த தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டியமையால் 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பெற்றனர்.

அதுபற்றிக் கருவியைத் துறத்தல் வேண்டுமென்பதன்று. ஆங்கிலக் கட்டுரையின் பொருளை அறியவும் தம் நடையைத் திருத்தவும் அது துணைசெய்யும்; பெரிய நூலகம் அருகில்லாத தீவக மாணாக்கர்க்கு அஃது அரும்பேறே. பெற்ற உதவியை ஆய்வேட்டின் முன்னுரையிற் கூறிவிடுதல் முறை. சாசன வாசகத்தையோ, கா. இந்திரபாலா 1963இல் வெளியிட்ட ஆய்வோடு ஒப்புநோக்கி, பின்னர்க் கல்லையும் நேரிற் காணல் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து படகுக்கூலி பெரிதன்று.