சிமெந்துக் கூழின் ஓட்டமும் பலபடியின் அமைப்பும்

நீரில் கலந்த சிமெந்துத் துகள்கள் திரண்டு நீரைச் சிறைப்படுத்துவதால் கூழ் எளிதில் ஓடுவதில்லை. மேலும் நீர் ஊற்றினால் ஓடும். கட்டடத்தின் வலு குறையும்.

1960களில் ஜெர்மனியின் ட்ரோஸ்ட்பெர்க் நகரில் உருவான மெலமின் வகைப் பலபடி, மின்விலக்கத்தால் திரளைக் கலைத்தது; ஆயின் அவ்வோட்டம் விரைவில் குன்றியது. 1980களில் ஜப்பானில் தோன்றிய பாலிகார்பாக்சிலேட் சீப்பை ஒத்தது. எதிர்மின்னேற்றமுடைய தண்டு துகளைப் பற்றும். பற்களாகிய பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகள் பிற துகள்களை நெருங்கவிடா. தண்டில் மின்னேற்றம் மிகுந்தால் ஓட்டம் உடனே கிட்டும். குறைந்தால் மெல்லத் தொடங்கி நீடிக்கும். வெயிலில் நெடுந்தொலைவு செல்லும் தமிழகக் கலவை வண்டிகளுக்குப் பின்னதே ஏற்றது.

மணலில் களிமண் இருப்பின் அப்பற்களே பகையாகின்றன: மான்ட்மோரில்லோனைட் அடுக்குகளுக்குள் அவை புகுந்து சிக்க, சிமெந்துக்குச் சிறிதே எஞ்சும். 2012இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லெய், பிளாங்க் இருவரும் அச்சங்கிலிகள் இல்லாத பலபடியை ஆக்கி, களிமண்ணை அது கூடுதலாகத் தாங்குவதைக் காட்டினர்.